எண்ணெய் தின்னும் கிருமிகள்

நாமக்கல் பக்கத்து லாரிப் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்கு அவற்றின் வாசல் மண்ணும் ஞாபகமிருக்கும். வடித்துக் கொட்டிய என்ஜின் எண்ணெய் ஊறி, புல் பூண்டு முளைக்காமல் கறுத்துக் கிடக்கும். "இந்தக் கறை என்றைக்காவது போகுமா, ஸார்?" என்று ஒரு மாணவன் கேட்டான். அவனுடைய தகப்பனாருக்குப் பட்டறையில் வேலை. வீட்டுக் கிணறும் அதன் அருகிலேயே இருக்கிறது.

கறையைப் போக்கும் ஊழியர்கள் மண்ணிலேயே இருக்கிறார்கள். அவர்கள்தாம் பாக்டீரியாக்கள். எண்ணெய் பெரும்பாலும் கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள். சில பாக்டீரியாக்களுக்கு அதுவே ஆகாரம். அதைத் தின்று, முடிவில் கரியமில வாயுவாகவும் ஜலமாகவும் மாற்றிவிடுகின்றன.

இத்துறையில் புகழ் பெற்றவர் வங்காளத்தில் பிறந்த ஆனந்த மோகன் சக்ரவர்த்தி. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் இருந்தபோது, கச்சா எண்ணெயின் பல பகுதிகளைச் சிதைக்கும் சக்திகளை ஒரே பாக்டீரியாவில் கூட்டிவைத்தார். உயிருள்ள பொருளுக்குக் காப்புரிமை தரலாமா என்று வழக்கு நடந்தது. 1980 ஜூன் 16-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டில் ஐந்து நீதிபதிகள் தரலாம் என்றார்கள், நால்வர் கூடாதென்றார்கள். ஆனால், வழக்கில் வென்ற அந்தக் கிருமி கடலில் இறங்கவேயில்லை.

உண்மையில் வேலைக்கு வந்தவை இயற்கைக் கிருமிகளே. டில்லியிலுள்ள டெரி நிறுவனத்தார் அவற்றைப் பொறுக்கியெடுத்து வளர்த்து, மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிர்த்தண்டின் பொடியில் ஏற்றி, 'ஆயில் ஸாப்பர்' என்று பெயரிட்டார்கள்.

2017 ஜனவரி 28-ல் எண்ணூர்த் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரையொதுங்கிய எண்ணெய்ச் சேற்றை முதலில் மனிதர்கள்தாம் வாளி வாளியாக வாரினார்கள். வாரிய சேற்றைச் சிதைக்கவே பாக்டீரியாக்கள் பயன்பட்டன.

இந்த வேலை நம் வீட்டு எருக்குழியைப் போன்றது. ஈரம் வேண்டும், பிராணவாயு புக மண்ணைக் கிளறிவிட வேண்டும், தழைச்சத்தும் மணிச்சத்தும் இடவேண்டும். அப்படியும் மாதக்கணக்கில் ஆகும். லேசான பகுதிகள் முதலில் கரையும். தார் போன்றவை எளிதில் மசியா.

பழைய என்ஜின் எண்ணெயில் இன்னொரு தொல்லையும் உண்டு. அதில் கலந்துள்ள உலோகத் துகள்களை எந்தக் கிருமியாலும் தின்று அழிக்க முடியாது.

ஆகவே மாணவனிடம், "கறை பெரும்பகுதி போகும், தம்பி, ஆனால் மெதுவாகத்தான் போகும். இனி வடிக்கும் எண்ணெயைப் பீப்பாயில் பிடித்துவைக்கும்படி அப்பாவிடம் சொல். கிணற்றுக்கு அதுதான் முதல் காவல்" என்றேன்.