கற்றாழை: பெயரும் பொருளும்

கற்றாழை என்னும் பெயர் இன்று ஒரு செடிக்கே உரியதன்று. சோற்றுக்கற்றாழை, ஆனைக்கற்றாழை என அடைபெற்று வழங்குவன ஓரினத்தின் வகைகள் போலத் தோன்றினும், நிலைத்திணை நூலார் அவற்றை வெவ்வேறு குடும்பங்களில் வைப்பர். இவ்வேறுபாட்டை நோக்காது மருத்துவ ஏடுகளைப் பதிப்பிப்பின், பொருட்பிழையோடு உயிர்க்கு ஊறும் நேர்தல் கூடும். ஆதலின் அதனை ஈண்டு விளக்குவாம்.

'கல்', 'தாழை' என்னும் இரண்டும் புணர்ந்து கற்றாழை ஆயிற்று எனக் கொள்ளுதல் புணர்ச்சி விதிக்கு ஒத்ததாகும். முள்விளிம்பு வாய்ந்த நீண்ட மடலே தாழையோடு இதற்குள்ள ஒப்புமை. பெயர்க்கு அடிப்படை புறத்தோற்றமாயின், அத்தோற்றமுடைய பிற செடிகளும் அப்பெயர் பெறுதல் இயல்பே.

சோற்றுக்கற்றாழை 'அலோ' என்னும் பேரினத்தைச் சார்ந்தது. ஆப்பிரிக்கா, அரேபியா, மடகாஸ்கர் ஆகிய இடங்களுக்குரிய அப்பேரினத்தில் 500க்கு மேற்பட்ட இனங்கள் உள. இதன் மடலில் இருவேறு பொருள்கள் அமைந்துள்ளன. தோலை அடுத்திருப்பது கசப்புடைய மஞ்சட்சாறு. அகத்திருப்பது நிறமற்ற வழுவழுப்பான சோறு. பனையின் மெல்லிய உள்ளீட்டைச் சோறு என்னும் வழக்கே ஈண்டும் அமைந்தது. சோறு தோற்புண்களுக்குப் பூசப்படும். மஞ்சட்சாற்றை இறுக்கிப் பெறுவது கரியபோளம். அரபு வழிவந்த மூசாம்பரம் என்பதும் அதுவே. இது கடும் பேதி மருந்து. இதன் தீங்கின்மைக்குப் போதிய சான்று இன்மையால், மருத்துவர் சீட்டின்றி விற்கும் பேதி மருந்துகளில் இதனைச் சேர்த்தலை அமெரிக்க அரசு 2002ஆம் ஆண்டில் விலக்கியது. வெள்ளைப்போளமோ ஒரு மரத்தின் பிசின். பெயரொப்புமை கொண்டு இரண்டனையும் ஒன்றெனல் பொருந்தாது.

ஆனைக்கற்றாழை 'அகேவ்' பேரினத்தது. மெக்சிகோவும் அதனை அடுத்த நிலப்பகுதியும் அதன் தாயகம். சோற்றுக்கற்றாழை பலமுறை பூக்கும். இதுவோ பல்லாண்டு வளர்ந்து, ஒருமுறை நெடிய தண்டு விட்டுப் பூத்து மடியும். இது நாருக்கும் வேலிக்கும் பயன்படும். இதன் சாறு தோலிற் பட்டால் எரிச்சலும் கொப்புளமும் உண்டாகும். சோற்றுக்கற்றாழைக்கு ஈடாக இதனைப் பூசுதல் தீங்காம்.

கொலம்பசு அமெரிக்காவை அடைந்த 1492ஆம் ஆண்டிற்குப் பின்னரே ஆனைக்கற்றாழை பிற கண்டங்களுக்குச் சென்றது. எனவே அதற்கு முற்பட்ட தமிழ் நூல் எதனுள்ளும் கற்றாழை என்பதற்கு இச்செடியைப் பொருளாகக் கூறுதல் இயலாது. பிற்கால ஏடுகளிற் சோறும் போளமும் கூறப்படின் சோற்றுக்கற்றாழையையும், நெடுநார் கூறப்படின் பிறிதொன்றையும் கருதுதல் வேண்டும். அடைமொழியின்றி வருமிடத்து, பெயரை மட்டும் நோக்காது, கூறப்படும் பயனையும் நூலின் காலத்தையும் ஒருங்கு நோக்கிப் பொருள் துணிதலே முறையாகும் என்பது நம் கருத்து.