நடுவர் நாற்காலியில் ‘நம்மாளு’ உட்கார்ந்தால்...

ஈப்போ – ஆங்கிலச் செய்தி அலைவரிசையில் அனைத்துலக அரசியல் விவாதம் ஒன்று ஓடுகிறது. இரண்டு பக்கமும் தலைவர்கள், நடுவில் நெறியாளர். தலைப்பு என்ன என்று கவனிப்பதற்கு முன்பே நம் வீடுகளில் பலரும் திரையின் அடியில் வரும் பெயரைத்தான் படிக்கிறார்கள். தெரிந்த சாயலில் பெயர் இருந்துவிட்டால் “நம்மாளு போலிருக்கே” என்று ஒரு குரல் எழும். அதில் பெருமை இருக்கும். நம் பக்கத்துக்காக ஒரு கேள்வியாவது கேட்க மாட்டாரா என்ற எதிர்பார்ப்பும் ஒளிந்திருக்கும்.

எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அதே பெயர் வேறு மாதிரி ஒலிக்கும். “அவர் அந்த இனத்துக்காரர், நியாயமாகவா நடத்துவார்?” என்று தோன்றும். நம் எதிர்பார்ப்பும் அவருடைய சந்தேகமும் ஒரே வேரிலிருந்து முளைத்தவைதாம். ஒருவர் எங்கே, யாருக்குப் பிறந்தார் என்பது அவர் கேட்கும் கேள்வியைத் தீர்மானித்துவிடும் என்று இருவருமே நம்புகிறார்கள்.

இது எந்த அளவுக்கு உண்மை என்று பார்க்க, தமிழர்கள் நன்கு அறிந்த ஒரு முகத்திலிருந்து தொடங்கலாம். பிபிசியின் ‘சிக்ஸ் ஓ கிளாக்’ செய்தியை ஏறக்குறைய 20 ஆண்டுகள் வாசித்த ஜார்ஜ் அழகையா 1955 நவம்பர் 22-ஆம் தேதி கொழும்பில், தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை பொறியியலாளர். சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் 1956-இல் வந்தது. 1958-இல் கலவரம் வெடித்தது. 1961-இல் குடும்பம் கானாவுக்குக் குடிபெயர்ந்தது. பிறகு இங்கிலாந்தில் பள்ளிப்படிப்பு, டர்ஹாம் பல்கலைக்கழகம், 1989-இல் பிபிசி. ஆப்பிரிக்காவிலிருந்து அவர் அனுப்பிய செய்திகள்தாம் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தன. 2023 ஜூலை 24-ஆம் தேதி புற்றுநோயால் காலமானார்.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால் அவர் ‘சிலோன்காரர்’. அவரை ‘நம்மாளு’ என்று தோட்டத்துப் பாட்டி ஒருவர் அந்தக் காலத்தில் சொல்லியிருப்பாரா என்பதே சந்தேகம். ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள் தமிழகத்திலிருந்து வந்தவர்கள். ஆபீசில் கிராணியாக உட்கார்ந்து பேர் போட்டவர்களில் பலர் யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும். பெரட்டுக்களத்தில் நின்றவருக்கு, கிராணி தமிழ் பேசுகிறார் என்பதாலேயே அவர் நம் பக்கம் என்ற எண்ணம் வந்ததில்லை. பெயரைப் பார்த்து அணி பிரிக்கும் வேலை எவ்வளவு வழுக்கலானது என்பது தோட்டத்தில் வளர்ந்த தலைமுறைக்குப் புதிதாகச் சொல்ல வேண்டிய விஷயமில்லை.

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை இலங்கையைத் தாக்கியபோது அழகையா செய்தி சேகரிக்கப் பிறந்த மண்ணுக்குத் திரும்பினார். தாத்தாவின் பழைய வீட்டு வளாகம் சிதைந்து கிடந்தது. சிறு வயதில் சகோதரிகளோடு விளையாடிய கிணறு மட்டும் அடையாளம் தெரிந்தது. சொந்தக் கதையும் செய்தியும் ஒன்றாகிவிட்ட இடம் அது. அங்கே அவருடைய பிறப்பு செய்திக்குக் கனம் சேர்த்தது.

அப்படியானால் அவருடைய நடுநிலை பற்றிய கேள்வி எங்கே எழுந்தது? தேயிலையும் காப்பியும் வாழையும் விளைவிக்கும் ஏழை நாட்டு விவசாயிகளுக்கும் தோட்டத் தொழிலாளர்களுக்கும் நியாயமான விலை கிடைக்கப் பாடுபடும் ‘ஃபேர்டிரேட்’ அறக்கட்டளைக்கு அவர் 2002 முதல் புரவலராக இருந்தார். 2009 ஜூலையில் அந்தப் பொறுப்பிலிருந்து விலகும்படி பிபிசி நிர்வாகம் கேட்டுக்கொண்டது. உலக வணிகம் பற்றிக் கருத்து வேறுபாடுள்ள ஒரு நிலைப்பாட்டை அந்த இயக்கம் முன்வைக்கிறது, முன்னணிச் செய்தியாளர் ஒருவர் அதை ஆதரிப்பதாகத் தெரியக்கூடாது என்பது நிர்வாகத்தின் விளக்கம். அவரை விலகச் சொன்னது சரியில்லை என்று பொதுமக்களில் சிலர் பிபிசிக்கே புகார் எழுதினார்கள்.

தோட்டக்காட்டுப் பிள்ளைகளுக்கு இந்த முடிவு கசக்கத்தான் செய்யும். தொழிலாளிக்கு நியாயமான விலை கேட்பதில் என்ன பக்கச்சார்பு என்று கேட்கத் தோன்றும். ஆனால் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிபிசி கைவைத்தது அவர் பிறந்த இனத்தில் அல்ல, அவராக ஏற்றுக்கொண்ட பதவியில். பிறப்பை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. புரவலர் பதவியைத் தேர்ந்தெடுக்கலாம், திருப்பியும் கொடுக்கலாம். ஒத்துக்கொள்கிறோமோ இல்லையோ, அந்தக் கோடு தெளிவான கோடு.

கோடு தெளிவில்லாமல் போன கதை பத்து ஆண்டுகள் கழித்து நடந்தது. 2019 ஜூலையில் அன்றைய அமெரிக்க அதிபர் டோனல்ட் டிரம்ப், நான்கு பெண் நாடாளுமன்ற உறுப்பினர்களை அவர்கள் வந்த நாடுகளுக்கே திரும்பிப் போகும்படி டுவிட்டரில் எழுதினார். அந்த நால்வரில் மூவர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். பிபிசி காலைச் செய்தியில் இது பேச்சுக்கு வந்தபோது, உடன் இருந்த டான் வாக்கர் நெறியாளர் நாகா முன்செட்டியின் உணர்வைக் கேட்டார். முன்செட்டியின் தந்தை மொரிஷியசிலிருந்தும் தாய் இந்தியாவிலிருந்தும் வந்தவர்கள். நிறமுள்ள பெண்ணான தன்னை எப்போதெல்லாம் ‘வந்த இடத்துக்கே போ’ என்று சொன்னார்களோ, அப்போதெல்லாம் அதில் இனவெறி பொதிந்திருந்தது என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். யாரையும் குற்றஞ்சாட்டவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

நேயர் ஒருவர் புகார் கொடுத்தார். பிபிசியின் புகார் விசாரணைப் பிரிவு செப்டம்பரில் அதை ஓரளவு ஏற்றது. சொந்த அனுபவத்தைப் பேசலாம், டிரம்பின் உள்நோக்கத்தைப் பற்றிப் பேசியதுதான் எல்லை மீறல் என்பது அதன் தீர்ப்பு. எதிர்ப்பு கிளம்பியது. செப்டம்பர் 30-ஆம் தேதி தலைமை இயக்குநர் டோனி ஹால் அந்தத் தீர்ப்பை மாற்றினார். ஒலிபரப்புகளைக் கண்காணிக்கும் ஆஃப்காம் அமைப்பும், நடுநிலை விதியை முன்செட்டி மீறியதாகக் கருதவில்லை.

இந்த வழக்கில் சிக்கல் எங்கே இருக்கிறது என்றால், அந்தக் கேள்வியை அவரிடம் கேட்டதே அவர் பிறப்பை முன்னிட்டுத்தான். பிறப்புக்காகக் கேள்வி கேட்டுவிட்டு, பதில் பிறப்பிலிருந்து வந்தது என்று குற்றம் சொன்னால் அவர் என்னதான் செய்வார்? விவாதத்தை நடத்தும் சிறுபான்மை நெறியாளர்கள் பலருக்கும் வரும் நெருக்கடி இது.

பிரிட்டனில் விதி என்ன சொல்கிறது? ஆஃப்காம் விதித்தொகுப்பின் 5-ஆம் பிரிவு ‘உரிய நடுநிலை’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது. ‘உரிய’ என்பதுதான் அங்கே முக்கியமான சொல். எல்லாத் தரப்புக்கும் நிமிடக் கணக்கில் சமநேரம் என்று அதற்குப் பொருளில்லை. விஷயத்துக்கும் நிகழ்ச்சிக்கும் தக்கபடி நியாயம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நெறியாளர் எந்த இனம், எந்த மதம் என்று விதி பார்ப்பதில்லை. திரையில் என்ன நடந்தது என்றுதான் பார்க்கிறது.

விவாதம் சாயக்கூடிய இடங்களைப் பார்த்தாலும் இது விளங்கும். முதல் கேள்வி யாருக்குப் போகிறது, மழுப்பிய பதிலுக்குப் பிறகு விடாமல் துணைக்கேள்வி கேட்கப்படுகிறதா, யாருடைய பேச்சு பாதியில் வெட்டப்படுகிறது, தவறான தகவல் சொன்னால் ஒருவரை மட்டும் திருத்திவிட்டு மற்றவரை விட்டுவிடுகிறார்களா, மண்டபத்தில் கைதட்டுபவர்களை யார் தேர்ந்தெடுத்தது. இவற்றை வீட்டில் உட்கார்ந்தே எண்ணலாம். பேரனுக்குத் தாளும் பேனாவும் கொடுத்து, யாரை எத்தனை முறை இடைமறித்தார் என்று கோடு போடச் சொன்னால் போதும். நிலையத்தார் சிலவற்றை நெறியாளர் கையிலிருந்தே எடுத்துவிடுகிறார்கள். 2024 ஜூன் 27-ஆம் தேதி பைடனும் டிரம்பும் சிஎன்என் விவாதத்தில் மோதியபோது மண்டபத்தில் பார்வையாளர்களே இல்லை. தன் முறை வராதவரின் ஒலிவாங்கி அணைக்கப்பட்டிருந்தது.

அமெரிக்காவில் இந்தச் சந்தேகம் அடிக்கடி வெளிப்படையாகவே கிளம்பும். 2008 அக்டோபர் 2-ஆம் தேதி ஜோ பைடனும் சாரா பேலினும் மோதிய துணை அதிபர் விவாதத்தை நடத்தியவர் கறுப்பினப் பத்திரிகையாளர் குவென் ஐஃபில். விவாதத்துக்குச் சற்று முன்பு, ஒபாமா காலத்து இன அரசியல் பற்றி அவர் எழுதும் நூல் புதிய அதிபர் பதவியேற்கும் நாளில் வெளிவரப்போகிறது என்று சர்ச்சை எழுந்தது. ஒபாமா வென்றால் நூல் நன்றாக விற்கும், எப்படி நடுநிலை வகிப்பார் என்றார்கள். அந்தச் சந்தேகத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஏனென்றால் அது அவர் நிறத்தைப் பற்றிய கேள்வியாக மட்டும் இல்லை, நூலினால் வரக்கூடிய ஆதாயத்தைப் பற்றியதாகவும் இருந்தது. இதே ஐஃபில் 2004-இலும் துணை அதிபர் விவாதத்தை நடத்தியவர். ஆனால் 2016-இல் தன் பல்கலைக்கழக வழக்கை விசாரித்த நீதிபதி கொன்சாலோ குரியல் மெக்சிகோ வம்சாவளி என்பதால் நியாயம் கிடைக்காது என்று டிரம்ப் சொன்னார். அதில் பிறப்பைத் தவிர வேறு எதுவும் இல்லை. குரியல் பிறந்தது அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2022 ஜூலையில் பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சித் தலைமைப் போட்டிக்கான முதல் தொலைக்காட்சி விவாதத்தைச் சேனல் 4-இல் நடத்தியவர் இந்திய வம்சாவளியினரான கிருஷ்ணன் குருமூர்த்தி. போட்டியாளர்களில் ரிஷி சுனாக்கும் ஒருவர். பத்து நாள் கழித்து சுனாக்கும் லிஸ் டிரஸ்சும் மட்டும் நின்ற பிபிசி விவாதத்தை நடத்தியவர் வெள்ளையரான சோஃபி ராவொர்த். ஒரு வெள்ளையர், ஓர் இந்திய வம்சாவளியினர் என இருவர் மோதும்போது வெள்ளை நெறியாளர் எந்தப் பக்கம் சாய்வார் என்று பெரிதாக யாரும் பேசவில்லை. பெரும்பான்மையினரின் பிறப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. சிறுபான்மையினரின் பிறப்புதான் ‘பின்னணி’ ஆகிறது.

போர்ச்சூழலில் இந்தக் கணக்குக்கு உயிரே விலையாகிவிடும். யாழ்ப்பாணத்தில் பிபிசியின் தமிழ்ச் சேவைக்கும் சிங்களச் சேவைக்கும் செய்தி அனுப்பிவந்த மயில்வாகனம் நிமலராஜன், 2000 அக்டோபர் 19-ஆம் தேதி இரவு ஊரடங்கு நேரத்தில் தன் வீட்டில் கொல்லப்பட்டார். அந்த மாதம் நடந்த தேர்தலின் முறைகேடுகளை அவர் வெளிக்கொண்டு வந்திருந்தார். ஒரு தமிழர் சொன்னதைச் சிங்கள நேயர்களும் நம்பிக் கேட்டார்கள் என்பது அவருடைய வேலையைப் பற்றி நிறையச் சொல்லும்.

இவ்வளவு தூரம் போகாமல் நம் ஈப்போவிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2008 தேர்தலுக்குப் பிறகு பேராக் சட்டமன்றத்தின் சபாநாயகராக வி. சிவக்குமார் பொறுப்பேற்றார். நாட்டில் மாநிலச் சட்டமன்றம் ஒன்றுக்குச் சபாநாயகரான முதல் இந்தியர் என்று அன்று நம் பத்திரிகைகள் கொண்டாடின. சபாநாயகரும் ஒரு வகையில் விவாத நடுவர்தானே. 2009 தொடக்கத்தில் மாநில ஆட்சி கவிழ்ந்தது. மார்ச் 3-ஆம் தேதி சட்டமன்றக் கதவு பூட்டியிருக்க, வெளியே மழைமரத்தடியில் கூட்டம் நடத்தினார் சிவக்குமார். மே 7-ஆம் தேதி, சபைக்குள்ளேயே அவரை நாற்காலியிலிருந்து இழுத்து வெளியேற்றிய காட்சி நாடு முழுவதும் பேசப்பட்டது.

அவருக்குப் பதிலாகப் புதிய பெரும்பான்மை அங்கே உட்காரவைத்தவர் யார்? மஇகாவின் ஆர். கணேசன். அவரும் இந்தியர். இழுக்கப்பட்டவரும் நம்மாளு, அமர்ந்தவரும் நம்மாளு. அன்று ஈப்போவில் சிவக்குமாரின் தீர்ப்புகளை நியாயம் என்றவர்களும் அநியாயம் என்றவர்களும் அவர் பிறப்பை வைத்துப் பேசவில்லை. எந்தக் கட்சி அவரை அங்கே அமர்த்தியது என்பதை வைத்துத்தான் பேசினார்கள்.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சபாநாயகராகத் தேர்வானவர் தம் கட்சியிலிருந்து விலகிவிடுவது மரபு. வெஸ்ட்மின்ஸ்டரிடமிருந்து சபை நடைமுறையின் பெரும்பகுதியை நாம் எடுத்துக்கொண்டோம். அந்த மரபை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. சிவக்குமார் அந்த நாற்காலியில் இருந்தபோதும் ஜசெககாரர்தான், கணேசன் இருந்தபோதும் மஇகாக்காரர்தான்.