பழம் பீரங்கிகளும் குண்டுகளும்: அவற்றை இனங்காணும் முறை

போர்களின் வரலாற்றை ஆராய்வார்க்கு ஏடுகள் மாத்திரம் போதா. களத்தில் எஞ்சிய கருவிகளும் சான்று பகர்வனவாம். ஏடெழுதியவன் தன் பக்கஞ் சார்ந்து பேசுதல் கூடும். மண்ணிற் புதைந்த இரும்பிற்கு அச்சார்பு இல்லை. எனினும், அதனை ஆராயத் தெரிந்தவர்க்கே அது உண்மை கூறும். 1861 முதல் 1865 வரை ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்த உள்நாட்டுப் போரின் பீரங்கிகளும் குண்டுகளும் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

பீரங்கியை இனங்காண விழைவோர் முதற்கண் நோக்கவேண்டியவை மூன்று: உலோகம், குழல்வாயின் விட்டம், பொறிப்பு. வெண்கலத்தால் வார்க்கப்பட்டு, வரியற்ற உட்குழலும் 4.62 அங்குல விட்டமும் உடையது 12 இறாத்தற் பீரங்கி. பிரான்சிய மன்னர் மூன்றாம் நெப்போலியனின் பெயரால் இது 'நெப்போலியன்' எனப்பட்டது. வடமாநிலத்தார் வார்த்தவற்றில் வாய்ப்புறம் பருத்திருக்கும். தென்மாநிலத்தார் வார்த்தவற்றிற் பெரும்பாலானவை அப்பருமனின்றி நேரே முடியும். 1863ஆம் ஆண்டின் இறுதியில் தெனசி மாநிலச் செம்புச் சுரங்கங்கள் கைவிட்டுப் போயின. அதன்பின் தென்மாநிலத்தார் இவ்வகைப் பீரங்கியை வார்ப்பிரும்பாலே செய்யலாயினர். எனவே, உலோகத்தைக் கண்ட மாத்திரத்தே அந்நாட்டின் வறுமையும் புலனாகின்றது.

வார்ப்பிரும்புக் குழலின் அடிப்பாகத்தைத் தேனிரும்புப் பட்டையொன்று இறுகச் சூழ்ந்திருப்பின், அது பெரும்பாலும் றொபேட் பரற் என்பார் அமைத்த வகையாகும். நியூயோர்க் மாநிலத்து வார்ப்படசாலையில் ஆக்கப்பட்ட இவற்றின் வாய்முகத்தில் 'ஆர்.பி.பி.' என்னும் அவர்தம் பெயரெழுத்துக்களும், ஆண்டு, எடை முதலியனவும் பொறிக்கப்பட்டுள்ளன.

இனிக் குண்டுகளை நோக்குவாம். உருண்டைக் குண்டாயின் விட்டமும் எடையும் ஒருங்கே அறியப்படல் வேண்டும். 12 இறாத்தற் பீரங்கிக்குரிய திண்குண்டின் விட்டம் 4.52 அங்குலமாகும். அதே விட்டமுள்ள உருண்டை எட்டு அல்லது ஒன்பது இறாத்தலே நிறுக்குமாயின், அஃது உட்குழிவுடைய வெடிகுண்டெனத் துணியலாம். அதன் புறத்தே திரி பொருத்திய துவாரமும் காணப்படும். போமன் என்னும் பெல்சியப் படையதிகாரி அமைத்த திரி, வெள்ளீயமும் ஈயமுங் கலந்த வட்டத்தகடாகும். அதில் ஐந்தேகால் வினாடி வரை அளவு குறிக்கப்பட்டிருக்கும். வேண்டிய வினாடிக் குறியிற் துளையிட்டே வீரர் குண்டைச் செலுத்தினர்.

நீள்குண்டுகளின் அமைப்பு இதனினும் நுட்பமானது. குண்டு சுழன்று செல்ல வேண்டுமாயின், குழலிலுள்ள திருகுவரிகளை அது பற்றுதல் வேண்டும். ஆனால், வாய்வழியே இடப்படுங் குண்டு இறுக்கமாயிருப்பின் உள்ளே இறங்காது. இவ்விடர்ப்பாட்டை நீக்கவே, வெடிப்பின் விசையால் விரியும் மெல்லிய பாகமொன்று குண்டிற் சேர்க்கப்பட்டது. பரற் குண்டின் அடியில் உலோக வளையம் இருந்தது. ஹொட்ச்கிஸ் குண்டின் இடையில் ஈயப்பட்டை இருந்தது. ஷெங்கில் குண்டிலோ கூழாக்கிய காகிதத்தாலான வளையமே இருந்தது. மண்ணில் அது மக்கிவிடுதலால், வரிகளுடைய கூம்பிய இரும்படி மாத்திரமே இன்று எஞ்சுகின்றது.

இம்மெல்லிய பாகத்திற் பதிந்த சுவடே ஆராய்ச்சியாளர்க்குப் பெருந்துணை. சுவடு உண்டாயின் குண்டு சுடப்பட்டது. இன்றாயின் சுடப்படாது கைவிடப்பட்டது. மூன்று வரிச்சுவடு பரற்றின் 10 இறாத்தற் பீரங்கியையும், ஏழு வரிச்சுவடு மூன்றங்குலத் தேனிரும்புப் பீரங்கியையும் சுட்டும். சுடப்படாத குண்டு கிடந்த இடம் பீரங்கி நின்ற இடத்தையும், சுடப்பட்டது வீழ்ந்த இடம் அதன் இலக்கையும் உணர்த்தவல்லன. ஆதலின், கிடந்த இடத்தைக் குறியாது அகழ்ந்தெடுத்த குண்டு தன் வரலாற்றிற் பாதியை இழந்துவிடுகின்றது.

போலிகளும் பல. ஆலைகளிற் கனிப்பொருள் அரைக்கும் இரும்புருண்டைகளும், விளையாட்டிற் குண்டெறிதற்குரிய உருண்டைகளும் பீரங்கிக் குண்டென விற்கப்படுகின்றன. 16 இறாத்தல் நிறுக்கும் திண்ணுருண்டை ஐயத்திற்குரியது. அக்காலத்து அமெரிக்கப் படை பெரும்பாலும் 6, 12, 18, 24, 32, 42 இறாத்தல் என்னும் வரிசையிலேயே திண்குண்டுகளைக் கொண்டிருந்தது.

யாவற்றினும் முதன்மையானது உயிர்க்காப்பு. வெடியுப்பு, கரி, கந்தகம் என்னும் மூன்றன் கலவையாகிய கருமருந்து, நீர்புகாத இரும்போட்டினுள் 150 ஆண்டு கழிந்தும் ஆற்றல் குன்றாது இருத்தல் கூடும். நனைந்த மருந்தும் உலர்ந்தபின் மீண்டும் தீப்பற்றும். 2008ஆம் ஆண்டில் வேர்ஜீனியா மாநிலத்தில், பல்லாண்டு பயிற்சியுடைய சேகரிப்பாளர் ஒருவர் இப்போர்க்காலக் குண்டொன்றைத் துப்புரவு செய்கையில் அது வெடித்து உயிரிழந்தார். துளையிடுதல், தேய்த்தல், சூடாக்கல் என்பன தனியார் செய்யத்தக்க செயல்கள் அல்ல. ஐயத்திற்குரிய குண்டைத் தொடாது விட்டு, வெடிபொருள் நீக்கும் அதிகாரிகளுக்கு அறிவித்தலே கடன்.

அமெரிக்காவின் தேசியப் போர்க்களப் பூங்காக்களில் இப்பொருள்களை அகழ்ந்தெடுத்தல் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளமையும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. அளந்தும், நிறுத்தும், கிடந்த இடங் குறித்தும் ஆராய்பவனே உண்மைச் சேகரிப்பாளன். பொருளைத் தனதாக்கிக் கொள்வதினும் அது கூறும் செய்தியைப் பலர்க்கும் உரியதாக்குதலே சிறந்த ஈட்டமாகும்.