ரசீதைக் கேட்டு வாங்குங்கள்!

கடைவீதியில் குவித்து வைக்கப்பட்டிருந்த தானியத்தினுள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் கரத்தை நுழைத்தார்கள். மேலே காய்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாயிருந்தது. குறையை மறைத்து விற்பதை அண்ணலார் வன்மையாகக் கண்டித்தார்கள்.

நம் நாட்டுச் சட்டமும் இத்தகைய மோசடியைத் தடுக்கிறது. 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பதிலாக இயற்றப்பட்ட 2019ஆம் ஆண்டுச் சட்டம், 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. பொய் விளம்பரம் செய்வதும், ரசீது தர மறுப்பதும் அதன்படி முறையற்ற வணிகமாகும். பழுதான பொருளை, ரசீதில் குறித்த காலத்திற்குள், காலம் குறிக்கப்படாவிடில் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அவ்வாறே.

திருவட்டாறு போன்ற எல்லைப்புற ஊர்களில் வாழ்வோருக்கு இச்சட்டத்தால் விளைந்த நன்மை பெரிது. கைம்பெண் ஒருவர் பிழைப்புக்காகத் திருவனந்தபுரத்தில் தையல் இயந்திரம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரே வாரத்தில் அது பழுதாகிறது; கடைக்காரரோ கைவிரித்துவிடுகிறார். அக்கடைக்கு இங்கே கிளை இல்லையெனில், பழைய சட்டப்படி அவர் கேரளத்திற்கே அலைந்து வழக்காட வேண்டியிருந்திருக்கும். இப்போதோ தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நாகர்கோவிலிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே முறையிடலாம். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கியவரும் நுகர்வோரே என்று சட்டம் தெளிவுபடுத்துகிறது.

வழக்கறிஞர் வைத்தே தீர வேண்டும் என்பதில்லை. செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணமும் இல்லை. ஆனால், 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். வழக்குக்கு முன் ஆலோசனை பெற விரும்புவோர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

இத்தனை உரிமை இருந்தும், "ரசீது வேண்டாமென்றால் வரி மிச்சம்" என்ற ஒரு சொல்லுக்கு நாம் மயங்கிவிடுகிறோம். பிறகு, அந்தக் கடையில்தான் வாங்கினோம் என்பதை மெய்ப்பிக்கவே திண்டாடுகிறோம். மிச்சமான சில ரூபாய்க்காக நம் கையிலிருந்த முதற் சான்றையே இழந்து நிற்கிறோம்.

கடனை எழுதி வைத்துக்கொள்ளுமாறு திருமறை நமக்குக் கற்பிக்கிறது. எழுத்தின் அருமையை அறிந்த நாம் ரசீதை அலட்சியம் செய்யலாமா? வணிகம் புரியும் சகோதரர்கள் கேட்குமுன்பே அதைத் தரட்டும். வாங்கும் சகோதரிகள் அதைப் பத்திரப்படுத்தட்டும். ஒரு துண்டுக் காகிதம் நாளை ஓர் ஏழைக் குடும்பத்தின் பிழைப்பைக் காக்கக்கூடும்.