கிணற்றடியும் முதுமையும்

1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், நமது தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணை லெய்டன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. இவற்றுள் நெடுந்தீவுக்கு இட்ட டெல்ப்ற் என்னும் பெயரே ஆங்கில வழக்கில் உறுதியாக நிலைத்தது. ஊர்ப்பெயரினும் ஆழமாக நம்மிடை வேரூன்றிய ஒல்லாந்தச் சொல் ஒன்றுண்டு. சபையில் அதனை உரைக்க நாணுவோம். வீட்டிலோ அஃதின்றி ஒரு பொழுதும் கழியாது. கக்கூசு என்பதே அச்சொல். இலக்கியப் பக்கத்தில் இதற்கென்ன வேலை என்று முகஞ்சுளிப்போர் இருக்கலாம். நடை தளர்ந்த முதியோருடன் ஒரு கூரையின்கீழ் வாழ்ந்தவர் சுளிக்கமாட்டார்.

தீவகத்துப் பழைய வளவொன்றை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்கு ஒருபுறம் கிணறு. அதற்கு எட்டாத மூலையில், வேலியோரமாக, மலசலகூடம். ஆசாரம் என்று சொல்லி நம் முன்னோர் வகுத்த இத்தூரம் தண்ணீரையும் காத்தது. சுண்ணக்கல் நிலத்தில் ஊறிய மழைநீர், கடலின் உவர்நீருக்கு மேலே மெல்லிய படையாய் மிதந்து நிற்கிறது. கல்லின் வெடிப்புகளூடே கழிவு விரைந்து பரவும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலெழும். நெடுந்தீவார்க்கும் ஊர்காவற்றுறையார்க்கும் நன்னீரின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இருபது வயதில் அந்த முற்றம் ஒரு முற்றமே அன்று. எழுபத்தைந்தில், இடுப்பும் முழங்காலும் இறுகிய பின்னர், அதுவே ஒரு நெடும்பயணம். மணலிற் பொல்லுப் புதைகிறது; இருட்டில் வாசற்படி தெரிவதில்லை; குந்தியிருந்தால் எழும்பப் பிடிமானமில்லை. இத்தனைக்கும் அவர்கள் முறையிடுவதில்லை. பிள்ளைகளை எழுப்ப வெட்கப்பட்டு, மாலைக்குப் பின் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். நாளடைவில் மலச்சிக்கலும் சலக்கடுப்பும் மயக்கமும் வருகின்றன. வயதின் கோளாறு என்று வீட்டார் எண்ணுவர். கோளாறு வயதிலன்று, வளவின் மூலையில் இருக்கிறது. ஒருநாள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தாலோ, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அதன்பின் புங்குடுதீவையும் வேலணையையும் கடந்து யாழ்ப்பாணம் வரை தெருப்பயணம். முறிந்த எலும்போடு படகேறுவது எத்தகையது என்பதைத் தீவார் அறிவர்.

அண்மைக் காலத்தில் கடல்கடந்த பிள்ளைகளின் பணத்தால் வீட்டுக்குள்ளேயே குளியலறைகள் எழுகின்றன. நல்ல காரியந்தான். ஆயினும் கண்ணாடிபோல் மினுங்கும் தரை ஓடுகளை யார் தெரிவு செய்கிறார்கள் என்பதே என் ஐயம். அவை விருந்தினர் கண்ணுக்கு உகந்தவை. தாயின் ஈரப் பாதத்துக்குப் பகையானவை. சொரசொரப்பான ஓடு, அல்லது துடைப்பத்தால் வரியிட்ட சீமெந்துத் தரை, விலையிலும் குறைவு. தண்ணீர் தேங்காது வாட்டம் இருந்தால் பாசியும் பிடிக்காது.

கொர்னெல் பல்கலைக்கழகத்தில் குளியலறை பற்றி ஆராய்ந்த அலெக்சாண்டர் கீரா, 1966 இல் தம் நூலை வெளியிட்டார். மனித உடல் எவ்வாறு குனிகிறது, இருக்கிறது, எழுகிறது என்பதை அளந்து, அதற்கேற்பப் பொருள்களை அமைக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. நம்மவர் வீடுகளில் இன்றும் பொருளுக்கேற்ப உடல் வளைந்துகொடுக்கிறது. கொமட்டின் இருக்கை பதினேழு முதல் பத்தொன்பது அங்குலம் வரை உயர்ந்திருந்தால் முழங்கால் நோவு உடையவர் எழுவது எளிது. கதவு வெளிப்புறம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் உள்நோக்கித் திறக்கும் கதவை அடைத்துக்கொண்டு கிடப்பார். சக்கர நாற்காலி நுழைய முப்பத்திரண்டு அங்குலமேனும் இடைவெளி வேண்டும்.

கைப்பிடிக் கம்பியைப் பற்றிச் சற்று விரித்தே சொல்லவேண்டும். பழைய தீவக வீடுகளின் சுவர்கள் பல, முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாய் எழுந்தவை. அவற்றிற் சிறு திருகாணியை முறுக்கிக் கம்பி பொருத்தினால், முழுப் பாரமும் விழும் அன்றைக்கே அது பெயர்ந்து வரும். பிடிக்கக் கம்பியே இல்லாத சுவரைவிட, பொய்க் கம்பியுள்ள சுவர் கொடியது. சுவரை ஊடுருவிய ஆணியும் மறுபுறத்தில் அகன்ற தகடும் வேண்டும். இல்லையேல் தரையிலிருந்தே தூணெழுப்ப வேண்டும். உப்புக்காற்றில் சாதாரண இரும்பு சில ஆண்டுகளில் உளுத்துவிடும். கறையில்லா உருக்கு நன்று. இயலாதவர்க்கு வைரம் பாய்ந்த மரம். சுவருக்கும் கம்பிக்கும் இடையே ஒன்றரை அங்குலம் போதும். அதற்கு மிஞ்சினால் தடுமாறும் கை உள்ளே புகுந்து சிக்கும்.

போரில் காலிழந்தோரை மறந்து இதனை எழுதவியலாது. ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் சேத்தியும் உருவாக்கிய செயற்கைக்கால் நம் மண்ணில் பலரை நடக்கவைத்தது. குளிக்கும்போது பலர் அதைக் கழற்றிவைக்கின்றனர். வெளியே நிமிர்ந்து நடப்பவர், வழுக்கும் தரையில் ஒற்றைக்காலராகிறார். அவருக்கு இருந்து குளிக்க ஒரு மேடை வேண்டும். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டமும் 2006 இல் வந்த அணுகுவசதி விதிகளும் பொதுக் கட்டடங்களை நோக்கியவை; நம் அடுப்படிக்கு அருகிலுள்ள குளியலறைக்கு நாமே பொறுப்பு.

மலசலகூடத்தை வீட்டோடு சேர்ப்பதானால் கிணற்றின் கதி என்ன? ஆள் தூரம் போகவேண்டியதில்லை. கழிவுதான் தூரம் போகவேண்டும். நீர் கசியாத தொட்டி கட்டி, குழாயை நல்ல வாட்டத்துடன் பழைய மூலைக்கே கொண்டுசெல்லலாம். இதற்காகும் செலவிற் கைவைப்பவர், தம் கிணற்றிலும் அயலார் கிணற்றிலும் கைவைக்கிறார்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தீராத வழக்காய் உள்ளது. எத்தனை வசதி செய்தாலும் கிணற்றடியை விட மறுக்கும் பெரியவர்கள் உண்டு. வெயிலும் வாழைமர நிழலும் அயல்வீட்டுப் பேச்சும் நான்கு சுவருக்குள் வரா. அவர்களை அறைக்குள் தள்ளுவது பாதுகாப்பாகலாம், அன்பாகுமா? கிணற்றுக்கட்டோடு இருக்கை உயரத்தில் ஒரு திண்ணை, அதனருகே கைக்கெட்டும் தொட்டி, ஊன்றிப் பிடிக்க ஒரு தூண், வீட்டுப்படி முதல் அங்குவரை மணலுக்கு மேலே ஒரு சீமெந்துப் பாதை: இவை போதும். வேலை தொடங்குமுன் மேசன் அந்தப் பெரியவரை அவர் பழகிய கதிரையில் இருத்தி, எழும்பும்போது கை தானாக எங்கே செல்கிறது என்று பார்த்து, அவ்விடத்திற் கரித்துண்டால் ஒரு கோடு இடட்டும். கம்பி அங்கேதான் வரவேண்டும்.