முல்லைப் பெரியாறு தீர்ப்பு (2014)

முல்லைப் பெரியாறு அணை நீரை நம்பித்தான் தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கில் நெல் விளைகிறது. அணைக்கான 8,000 ஏக்கரைத் திருவிதாங்கூர் சமஸ்தானம் 1886 அக்டோபர் 29 அன்று பிரித்தானிய அரசுக்கு 999 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது.

நீர்மட்டத்தை 136 அடியிலிருந்து 142 அடியாக உயர்த்தலாம் என உச்ச நீதிமன்றம் 2006 பிப்ரவரி 27 அன்று தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே கேரள சட்டமன்றம் 136 அடிக்கு மேல் கூடாதெனச் சட்டத்தைத் திருத்தியது. அணை உடையும் என்ற அச்சம் அங்கே உண்மையானதுதான். ஆனால், அணையின் பாதுகாப்பை நீதிமன்றம் ஏற்கெனவே ஆராய்ந்து முடிவு செய்திருந்தது. வழக்கில் ஒரு தரப்பே அம்முடிவைச் சட்டமியற்றி மாற்றினால், வென்றவரின் உரிமை வெறும் காகிதமாகிவிடும்.

அதிகாரப் பிரிவினையை மீறுவதால் இந்த அணையைப் பொறுத்தவரை அச்சட்டம் செல்லாது என்று, தலைமை நீதிபதி ஆர். எம். லோதா தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு 2014 மே 7 அன்று அறிவித்தது. அவ்வாண்டு நவம்பரில் நீர்மட்டம் 142 அடியைத் தொட்டது.