பிரேக் ஆயிலுக்கும் வயதாகும்

உதகையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் கார் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தை இழக்கிறது. நான்கு பேரும் பெட்டிகளும் ஏறிய சின்னக் காரின் எடையை 1,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த இறக்கத்தில் வண்டி கரைத்தாக வேண்டிய ஆற்றல், எழுபது லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். முதல், இரண்டாம் கியரில் இறங்கினால் இன்ஜின் பெரும் பங்கைச் சுமக்கும். நாலாவது கியரில் வண்டியை ஓடவிட்டு, பிரேக்கின் மேலேயே கால் வைத்துக்கொண்டு இறங்குகிறவருக்கு மிச்ச வெப்பம் எல்லாம் பிரேக்கின் தலையில்தான் விடியும்.

சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு காய்கிறது. அதை அழுத்திப் பிடிக்கும் பேட் காய்கிறது. பேடைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டன் காய்கிறது. பிஸ்டனுக்குப் பின்னால் சில மில்லிலிட்டர் திரவம் இருக்கிறது. மெக்கானிக் முதல் உதிரிபாகக் கடைக்காரர் வரை எல்லோரும் பிரேக் ஆயில் என்று சொல்வது அதைத்தான். பெடலில் கால் கொடுக்கும் அழுத்தத்தை நான்கு சக்கரங்களுக்கும் கொண்டுசேர்ப்பது அந்தத் திரவம் மட்டுமே. அடைத்து வைத்த திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்டு சொன்ன விதிதான் இங்கே வேலை செய்கிறது. திரவம் அமுங்காது என்பதால் இது சாத்தியமாகிறது. அது கொதித்துக் குமிழி விட்டால் கதை மாறும். ஆவி அமுங்கும். மிதிக்கிற மிதியெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே செலவாகி, பெடல் கட்டைவரை போகும். வண்டி நிற்காது.

இதில் பலருக்குத் தெரியாத இன்னொன்று உண்டு. பர்லியாரில் டீ குடிக்க வண்டியை நிறுத்துகிறார்கள். ஓடும்போது தட்டின் மேல் வீசிய காற்று இப்போது இல்லை. தட்டில் தேங்கிய சூடு மெல்லப் பின்னோக்கி ஊர்ந்து திரவத்தை அடைகிறது. பத்து நிமிடம் கழித்துக் கிளம்பும்போது பெடல் மெத்தென்று உள்ளே போகிறது. ஓடிக்கொண்டிருந்தபோது சரியாக இருந்த பிரேக், ஓய்வெடுத்த பிறகு கைவிடுகிறது. ஊர் வந்து மெக்கானிக்கிடம் காட்டுவதற்குள் எல்லாம் ஆறி, ஆவி மீண்டும் திரவமாகி, பெடல் கெட்டியாக நிற்கும். “ஒண்ணும் இல்லையே சார், நல்லாத்தானே இருக்கு” என்பார். அவர் மீது தப்பில்லை.

புது பிரேக் ஆயில் இவ்வளவு சுலபமாகக் கொதிக்காது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை வகுத்த தரப்படி, டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும். டாட் 4 வகை 230 டிகிரி வரை. அதே திரவத்தில் சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த பிறகு எவ்வளவு தாங்க வேண்டும் என்பதற்கும் அந்தத் தரத்திலேயே கணக்கு இருக்கிறது: டாட் 3க்கு 140, டாட் 4க்கு 155. நூற்றில் நாலு பங்குகூட இல்லாத தண்ணீர், 65 முதல் 75 டிகிரி வரை விழுங்கிவிடுகிறது.

பிரேக் ஆயில் ஊற்றி வைக்கும், மூடி போட்ட டப்பாவுக்குள் தண்ணீர் எப்படிப் போகும்? மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி நசநசப்பதைப் போலத்தான். டாட் 3, டாட் 4 இரண்டும் கிளைக்கால் ஈத்தர் என்னும் வேதிப்பொருளை அடிப்படையாகக் கொண்டவை. காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வது அவற்றின் குணம். டப்பா மூடியில் காற்றுப் போக்குவரத்துக்கென்று சிறு வழி இருக்கிறது. சக்கரங்களுக்குப் போகும் ரப்பர் குழாய்களின் வழியாகவும் ஈரம் மிக மெதுவாக உள்ளே கசிகிறது. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இது நடந்துகொண்டே இருக்கும். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கடற்காற்று இதைத் துரிதப்படுத்தும். “என் வண்டி வருஷத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஓடலையே” என்று உறை போட்டு நிறுத்தி வைத்திருப்பவர் ஆறுதல் அடைய இதில் எதுவும் இல்லை. மின்சாரக் காருக்கும் விதிவிலக்கு கிடையாது. அதிலும் பெடலுக்குக் கீழே இருப்பது இதே திரவம்தான்.

ஈரத்தை ஏற்காத திரவத்தைப் போட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். சிலிகானில் செய்த டாட் 5 வகை அப்படிப்பட்டதுதான். ஆனால் ஈரம் எப்படியும் உள்ளே வரும். கலக்க இடமில்லாத தண்ணீர் துளித்துளியாகத் தாழ்வான இடத்தில், அதாவது மிக அதிகம் சூடாகும் காலிப்பரில், போய்த் தங்கும். அங்கே அது 100 டிகிரியை ஒட்டியே கொதிக்கும், இல்லையென்றால் துருப்பிடிக்க வைக்கும். ஈரத்தை உறிஞ்சித் தன்னுள் பரப்பிக்கொள்வது குறையாகத் தெரிந்தாலும், சாதாரணக் காருக்கு அதுவே பாதுகாப்பு. ஒரே நிபந்தனை, குறிப்பிட்ட காலத்தில் அதை வெளியேற்றிவிட வேண்டும். கார் நிறுவனங்கள் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள் என்கின்றன, சில மூன்று என்கின்றன. உங்கள் வண்டிக்கு எது என்பது கையேட்டில் இருக்கும்.

நிறத்தைப் பார்த்து முடிவு செய்வது பழைய பழக்கம். தேன் நிறம் கறுத்தால் மாற்ற வேண்டும் என்பார்கள். கறுத்தது பழையது என்பது சரி. ஆனால் தெளிவாக இருப்பதாலேயே ஈரம் இல்லை என்று சொல்ல முடியாது. டப்பாவில் முனையை நனைத்தால் விளக்கு எரிந்து ஈர அளவைக் காட்டும் பேனாக்கள் இணையக் கடைகளில் கிடைக்கின்றன. அவை டப்பாவில் இருப்பதைத்தான் சொல்லும், காலிப்பரில் இருப்பதை அல்ல. நாள்காட்டியை நம்புவது மேல்.

இன்னொரு வழக்கம், மட்டம் இறங்கியதைப் பார்த்ததும் கொஞ்சம் ஊற்றி நிரப்புவது. பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே நகரும். அந்த இடத்தை நிரப்பத் திரவம் கீழே போகும். டப்பாவில் மட்டம் இறங்கும். ஆகவே இறங்கிய மட்டம் ஒரு தகவல். ஒன்று பேட் தேய்ந்திருக்கிறது, இல்லை எங்கோ கசிகிறது. காரணம் பார்க்காமல் நிரப்பினால் அந்தத் தகவல் அழிந்துவிடும். பிறகு புதுப் பேட் போட்டு பிஸ்டனை உள்ளே தள்ளும்போது டப்பா வழிந்து பெயின்ட்டைத் தின்னும்.

வீட்டிலேயே மாற்ற முடியுமா? முடியும். வேண்டியவை அதிகமில்லை: மூடியிலும் கையேட்டிலும் போட்டிருக்கும் அதே வகையில் சீல் உடைக்காத ஒரு லிட்டர் திரவம், மருந்துக் கடையில் கிடைக்கும் பெரிய சிரிஞ்ச், சக்கரத்தருகே திரவத்தை வெளியேற்றத் திறக்கும் நிப்பிளுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பானர், உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் குழாய், ஒரு காலி பாட்டில், நல்ல ஜாக்கி, வண்டியைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டுகள். பெடல் மிதிக்க இன்னொரு ஆள். பாதி திறந்து போன வருஷத்திலிருந்து அலமாரியில் இருக்கும் பாட்டிலை எடுக்க வேண்டாம். அது அங்கேயே ஈரம் குடித்திருக்கும். இன்ஜின் ஆயிலோ, வேறு எந்தக் கனிம எண்ணெயோ ஒரு சொட்டுகூட இதில் கலக்கக் கூடாது. பிரேக்கின் ரப்பர் சீல்கள் ஊதிப்போய், பெடல் மிதியை வாங்கும் மாஸ்டர் சிலிண்டர் முதல் கடைசிச் சக்கரம் வரை எல்லாவற்றையும் மாற்ற நேரும்.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, சக்கரம் கழற்ற வேண்டிய பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் இறக்க வேண்டும். வண்டியோடு வந்த ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையைக் கொடுக்கவே கூடாது. பிரேக் வேலையில் உயிர் போகும் இடம் பெரும்பாலும் பிரேக்கில் இல்லை, ஜாக்கியில்தான்.

முதலில் டப்பாவைச் சுற்றித் துடைத்துவிட்டு, சிரிஞ்சால் பழையதை உறிஞ்சி, புதியதை மேல் கோடு வரை ஊற்ற வேண்டும். அடுத்து மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்தில் இருக்கும் சக்கரம். வலப்பக்கம் அமர்ந்து ஓட்டும் நம் ஊர் வண்டிகளில் வழக்கமாக அது பின் இடது. பிறகு பின் வலது, முன் இடது, கடைசியாக முன் வலது. சில வண்டிகளுக்குக் கையேடு வேறு வரிசை சொல்லும்; அப்போது கையேடு சொல்வதுதான் சரி.

வேலை நடக்கும் விதம் இது. நிப்பிளின் ரப்பர் தொப்பியைக் கழற்றி, ஸ்பானரை மாட்டி, நிப்பிளின் மேல் குழாயைச் செருகி, மறுமுனையைப் பாட்டிலில் சிறிது புதுத் திரவத்துக்குள் மூழ்க வைத்துவிட்டு அப்பா சக்கரத்தருகே உட்கார்கிறார். மகள் ஓட்டுநர் இருக்கையில், இன்ஜின் அணைந்திருக்கிறது. “மெதுவா மிதிம்மா... அப்படியே புடிச்சுக்கோ.” “புடிச்சிட்டேன்ப்பா.” ஸ்பானர் கால் சுற்று திரும்புகிறது. குழாயில் காப்பி நிறத் திரவம் விருட்டென்று ஓடுகிறது. பெடல் மகளின் காலுக்குக் கீழே இறங்குகிறது. “கால எடுத்துடாத!” நிப்பிளை மூடிய பிறகுதான், “இப்ப விடு.” அவர் மூடுவதற்கு முன் அவள் காலை எடுத்தால் குழாயில் இருப்பது, காற்றையும் சேர்த்து, உள்ளே திரும்பும். எங்காவது காற்று புகுந்தால் மெக்கானிக்குகள் சொல்வது போல ‘ஏர் எடுக்கும்’ வேலை முதலிலிருந்து தொடங்கும். நாலைந்து மிதிக்கு ஒரு முறை டப்பாவைப் பார்த்து நிரப்ப வேண்டும். மற்ற எதை மறந்தாலும் டப்பா வற்றுவதை மட்டும் அனுமதிக்கவே கூடாது. காப்பி நிறம் மாறி, குழாயில் குமிழி இல்லாமல் தெளிந்த திரவம் வந்ததும் அந்தச் சக்கரம் முடிந்தது.

பழைய வண்டியில் பெடலைத் தரைவரை அழுத்துவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. தினசரி ஓட்டத்தில் மாஸ்டர் சிலிண்டரின் சீல் தொடாத ஆழத்தில் அழுக்கும் துருவும் படிந்திருக்கும். அதன் மேல் உரசினால் சீல் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வைத்தால் போதும். நிப்பிள் துருப்பிடித்து இறுகியிருந்தால் முந்தின நாளே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வைக்கலாம். அதற்கும் அசையவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும். அது உள்ளே முறிந்தால் காலிப்பரே மாற வேண்டிவரும். திரும்ப முடுக்கும்போதும் பலம் காட்டத் தேவையில்லை, அது சின்னத் திருகு.

பெயின்ட்டில் சிந்தினால் துணியால் தேய்க்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். ஈரத்தை இழுக்கும் அதே குணத்தால் தண்ணீரில் சுலபமாகக் கரைந்து போகும். வெளியேற்றிய பழையதைச் சாக்கடையிலோ தோட்டத்திலோ கொட்டாமல், தனி பாட்டிலில் மூடி, கழிவைச் சேகரிக்கும் பட்டறையில் என்ன திரவம் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஏபிஎஸ் உள்ள வண்டியில் செய்யலாமா என்ற தயக்கம் பலருக்கு. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் விற்பனையாகும் எல்லாப் புதுக் கார்களிலும் அது கட்டாயம் என்பதால் கேள்வி நியாயமானது. டப்பா வற்றாமல் பார்த்துக்கொண்டால் பல வண்டிகளில் மேலே சொன்ன முறையே போதும். காற்று ஏபிஎஸ் பெட்டிக்குள் போய்விட்டால் அதன் வால்வுகளைத் திறந்து மூட ஸ்கேனர் வேண்டும். வீட்டு வேலை அங்கே முடிந்தது, பட்டறைக்குத்தான் போக வேண்டும். கையேட்டிலேயே ஸ்கேனர் தேவை என்று எழுதியிருந்தால் தொடங்காமல் இருப்பதே நல்லது.

எல்லாம் முடிந்து சக்கரம் மாட்டிய பின், இன்ஜினை அணைத்தபடியே பெடலை மிதித்துப் பார்க்க வேண்டும். கெட்டியாக, உயரத்தில் நிற்க வேண்டும். மிதித்தபடி இன்ஜினை இயக்கினால் பெடல் சற்றே இறங்கும். அது வேக்குவம் பூஸ்டரின் வேலை, பயப்பட வேண்டாம். மெத்தென்று இருந்தால் வண்டியை வாசலைத் தாண்ட விடக் கூடாது. சரியாக இருந்தால் ஆளில்லாத தெருவில் பத்து கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு மூன்று முறை பிடித்துப் பார்த்து, நான்கு நிப்பிள்களிலும் கசிவு இருக்கிறதா என்று மறுபடி ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பெரிய சாலைக்குப் போக வேண்டும்.

கையில் ஸ்பானர் பிடித்துப் பழக்கமில்லாதவர் இதை பிரேக்கில் தொடங்கிக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. மெக்கானிக்கிடம் கொடுங்கள், ஆனால் பக்கத்தில் நின்று சீல் உடைக்காத பாட்டிலைத் திறக்கிறாரா, டப்பாவில் மட்டும் மாற்றாமல் நான்கு சக்கரங்களிலும் எடுக்கிறாரா என்று பாருங்கள். அதற்கு முன் வீட்டில் இருக்கும் சர்வீஸ் பில்களைப் புரட்டி, பிரேக் ஆயில் மாற்றியதாக ஒரு வரி கடைசியாக எந்த ஆண்டில் வந்தது என்று தேடுங்கள். அப்படி ஒரு வரியே இல்லையென்றால், அடுத்த மலைப் பயணத்துக்கு முன் மாற்றிவிடுங்கள்.